புலம்பல் வழக்காகாது

தீபாவளி உபசரிப்பானாலும் திருமண விருந்தானாலும் நம்மவர் நால்வர் ஒரு மேசையில் அமர்ந்தால் பேச்சு சுற்றிச் சுற்றி வேலை இடத்துக்குத்தான் வந்து சேரும். “பேரைப் பார்த்தாலே ஒதுக்கிடறாங்க” என்பார் ஒருவர். “ரெண்டு மாசச் சம்பளம் இன்னும் வரல” என்பார் மற்றவர். “தட்டிக் கேட்டேன், மறுமாசமே வேற பிரான்சுக்குத் தூக்கி அடிச்சிட்டாங்க” என்பார் இன்னொருவர். இவை பெரும்பாலும் உண்மையே. எனினும் விருந்து முடிந்து எழும்போது அந்த உண்மையையும் மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து விடுகிறோம். அது தொழிலாளர் இலாகாவுக்கும் போவதில்லை, நீதிமன்றத்துக்கும் போவதில்லை.

இன்னும் சில மாதங்களில் நம்மில் பலர் பட்டத்தோடு வேலை தேடப் புறப்படவிருக்கிறோம். பாகுபாடு, பழிவாங்கல், கொடுபடாத சம்பளம் ஆகிய மூன்றிலும் நம் நாட்டுச் சட்டமும் தீர்ப்புகளும் என்ன சொல்கின்றன என்பதை அறிந்து கொண்டு புறப்படுவது நல்லது. என் கருத்தைத் தொடக்கத்திலேயே கூறி விடுகிறேன். சட்டம் நம்மைக் காக்கும் இடத்தில் நாம் அதைப் பயன்படுத்துவதில்லை. சட்டம் காக்காத இடத்தில், காக்கும் என்று நம்பிக் காத்திருக்கிறோம். இந்த இரண்டையும் பிரித்தறியாத வரை நம் குறைகள் குறைகளாகவே இருக்கும்.

கிள்ளானில் கேட்ட குரல்

இம்மூன்றும் நமக்குப் புதியவை அல்ல. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் தலைமையில் இந்தியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி அவர்களது கோரிக்கைகளுள் ஒன்று. தோட்டத் துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது மற்றொன்று. கூலியும் மானமும் ஒரே பட்டியலில் இருந்தன. அதற்குக் கிடைத்த பதில் என்ன? நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர். பாகுபாடு, குறைந்த கூலி, கேட்டவனைப் பழிவாங்குதல் ஆகிய மூன்றும் அந்த ஒரே ஆண்டில் நம் தாத்தா பாட்டிகளுக்கு நேர்ந்தன.

இன்றுள்ள சட்டம் அவர்களுக்கு இல்லை. நமக்கு இருக்கிறது. ‘ஆக்தா கெர்ஜா 1955’ என்று மலாயில் அறியப்படும் தொழிலாளர் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். சம்பளத்தை எந்தக் கடையில் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை விதிக்கக் கூடாது என்று அதில் ஒரு பிரிவு உண்டு. தோட்டத்துக் கடைக் கணக்கை நேரில் அறிந்த தலைமுறைக்கு அந்தப் பிரிவின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சம்பளம்: சட்டம் வலுவாக நிற்கும் இடம்

மூன்றினுள் சட்டம் மிகத் தெளிவாக இருப்பது சம்பள விவகாரத்தில்தான். சம்பளக் காலம் முடிந்து ஏழாவது நாளுக்குள் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும். கொடுக்காவிட்டால் தொழிலாளர் இலாகாவில், அதாவது நம் பெற்றோர் ‘லேபர் ஆபீஸ்’ என்று சொல்லும் இடத்தில், புகார் செய்யலாம். அங்குள்ள அதிகாரி இரு தரப்பையும் அழைத்து விசாரித்து உத்தரவிடும் அதிகாரம் பெற்றவர். வழக்கறிஞர் வைத்துக் கொள்ள வேண்டிய கட்டாயமில்லை. அவ்வுத்தரவைக் கீழ்நிலை நீதிமன்றத்தில் பதிவு செய்து, நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றலாம்.

முன்பு இச்சட்டம் மாதம் 2,000 ரிங்கிட் வரை சம்பளம் பெறுவோருக்கும் உடலுழைப்புத் தொழிலாளர் போன்ற சில பிரிவினருக்கும் மட்டுமே பொருந்தியது. பட்டதாரிகள் பெரும்பாலும் அதற்கு வெளியே நின்றார்கள். 1.1.2023 முதல், தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும், எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் வேலை ஒப்பந்தத்தில் உள்ள அனைவரும் இச்சட்டத்தின் கீழ் வருகிறார்கள். மிகைநேரச் சம்பளம், ஆள்குறைப்பு இழப்பீடு போன்ற சில உரிமைகள் மட்டும் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் பெறுவோருக்குக் கிடையாது. ஆகவே “நீ எக்சிக்கியூட்டிவ், உனக்கு லேபர் ஆபீஸ் கிடையாது” என்று இனி எவரும் சொல்ல முடியாது.

அதே நாளில் நடப்புக்கு வந்த இன்னொரு பிரிவு மாணவர்களாகிய நமக்கு மிகவும் வேண்டியது. அது 101சி. எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், ஒருவருடைய வேலை நேரத்தையும் வேலை செய்யும் முறையையும் இன்னொருவர் கட்டுப்படுத்தினால், வேலைக்கான கருவியை அவரே கொடுத்தால், அல்லது செய்யப்படும் வேலை அவருடைய வியாபாரத்தின் முக்கிய அங்கமாக இருந்தால், அவர்கள் முதலாளியும் தொழிலாளியும்தான் என்று சட்டம் கொள்ளும். மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும்.

என் விடுதித் தோழி ஒருத்தி வார இறுதிகளில் ஒரு பேரங்காடிக் கடையில் வேலை செய்து வந்தாள். தேர்வுக்காக நின்றபோது கடைசி மாதச் சம்பளத்தைக் கடைக்காரர் கொடுக்கவில்லை. “நீ பார்ட் டைம்தானே, லெட்டரே இல்லையே, எங்க போய்ச் சொல்லப் போற?” என்றாராம். கடிதம் இல்லைதான். ஆனால் எந்தெந்த நாள் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் அவளிடம் இருந்தன. முந்தைய மாதங்களின் சம்பளம் வங்கியில் வந்து சேர்ந்த கணக்கும் இருந்தது. இரண்டையும் அச்சிட்டு எடுத்துக் கொண்டு தொழிலாளர் இலாகாவுக்குப் போனாள். விசாரணை நாளுக்கு முன்பே பணம் வந்து விட்டது. அவளுக்கு உதவியவை சட்டமும், அவள் அழிக்காமல் வைத்திருந்த செய்திகளும்தான்.

பழிவாங்கல்: நாட்கணக்கில் தோற்கும் இடம்

கேள்வி கேட்டதற்காக வேலையை விட்டு நீக்குவது, அல்லது நாமே ஓடிப்போகும்படி நெருக்குவது இரண்டாவது துன்பம். இதிலும் நம் நீதிமன்றங்கள் தொழிலாளியைக் கைவிடவில்லை.

கூன் குவீ போய் வழக்கில் 1981ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்றம் ஒரு முக்கிய நெறியை வகுத்தது. முதலாளி வேலை நீக்கத்துக்கு ஒரு காரணம் காட்டியிருந்தால், அந்தக் காரணம் மெய்யா என்று நீதிமன்றம் ஆராய வேண்டும். அது பொய்த்துப் போனால், முதலாளி நம்பியிராத வேறொரு காரணத்தை நீதிமன்றம் தேடிப் போக முடியாது. நோட்டீஸ் கொடுத்து விட்டோம், ஒப்பந்தப்படி நிறுத்தி விட்டோம் என்று சொல்லி மட்டும் தப்பவும் முடியாது. 1988ஆம் ஆண்டு வோங் சீ ஹோங் வழக்கில் அன்றைய உச்ச நீதிமன்றம், முதலாளி ஒப்பந்தத்தின் அடிப்படையையே உடைத்து, அதனால் தொழிலாளி தானே வெளியேறும் நிலை வந்தால் அதுவும் வேலை நீக்கமே என்று ஏற்றது. பதவியைக் குறைப்பது, சம்பளத்தைக் குறைப்பது போன்றவை இந்த வகையில் வரக்கூடும். 1996ஆம் ஆண்டு தான் தெக் செங் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி கோபால் ஸ்ரீராம், அரசியலமைப்பின் 5ஆவது விதி காக்கும் ‘உயிர்’ என்பதில் பிழைப்புக்கான வழியும் அடங்கும் என்றார். வேலை என்பது சோறு. சோறு என்பது உயிர். நம் வீடுகளில் எல்லாரும் அறிந்த உண்மை சட்டத்தின் மொழியில் இவ்வாறு பதிவாயிற்று.

நியாயமின்றி நீக்கப்பட்டவர் 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்படி முறையிடலாம். சமரசம் ஏற்படாவிட்டால் வழக்கு தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகும். அந்நீதிமன்றம் சட்ட நுணுக்கங்களை மட்டும் பார்க்காமல் நியாயத்தையும் மனச்சாட்சியையும் வழக்கின் உண்மைச் சாரத்தையும் கொண்டு தீர்ப்பளிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வென்றால் 24 மாதங்கள் வரை பின்சம்பளம் கிடைக்கலாம். தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்கு அது 12 மாதம் வரை. ஆக, ‘புரோபேஷன்’ என்றால் எப்போது வேண்டுமானாலும் காரணமின்றி அனுப்பி விடலாம் என்பது தவறான நம்பிக்கை.

ஆனால் ஒரு பூட்டு உண்டு. வேலை நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் முறையிட வேண்டும். 61ஆவது நாள் போனால் கதவு திறக்காது. நம்மவர் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். முதல் மாதம் அவமானத்தில் போகிறது, யாரிடமும் சொல்வதில்லை. இரண்டாம் மாதம் கட்சிக்காரரையும் தெரிந்தவரையும் பார்ப்பதில் போகிறது. மூன்றாம் மாதம் யாரோ ஒருவர் ‘தொழிலியல் நீதிமன்றம்’ என்ற சொல்லைச் சொல்கிறார். ஆடி கழித்த எட்டாம் நாள் கோழி அடித்துக் கும்பிட்ட கதைதான்.

தொழிற்சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை நீக்குவதோ மிரட்டுவதோ குற்றம் என்று அதே சட்டத்தின் 59ஆவது பிரிவு கூறுகிறது. ஆனால் நடப்பில் அச்சம் அகலவில்லை. 2020 சூன் மாதம் ஈப்போ அரசு மருத்துவமனை முன் துப்புரவுத் தொழிலாளர் உரிமைக்காக மறியல் செய்தவர்களுள் ஐவர் கைது செய்யப்பட்டனர். குறைந்த சம்பளக்காரர் தம் குறையைப் பொது இடத்தில் சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை இது காட்டுகிறது. அந்தத் துணிவை ஒவ்வொருவரும் தனித்தனியே திரட்ட முடியாது. அதற்காகத்தான் சங்கம்.

பாகுபாடு: சட்டம் பாதியில் நின்ற இடம்

இனி நாம் மிகுதியாகப் பேசுவதும் மிகக் குறைவாக அறிந்ததுமான பகுதிக்கு வருவோம். “அரசியலமைப்பில் சமத்துவம் இருக்கிறதே” என்று நம்மில் பலர் சொல்கிறோம். இருக்கிறது. 8ஆவது விதி, அரசியலமைப்பு வெளிப்படையாக அனுமதித்தவை நீங்கலாக, சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பால் ஆகியவற்றின் பேரில் மட்டும் குடிமக்களிடையே பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. ‘பால்’ என்ற சொல் 2001இல் சேர்க்கப்பட்டது. ஆனால் அந்த விதி யாரைக் கட்டுப்படுத்துகிறது?

பியட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கு இதற்குப் பதில் சொன்னது. அவர் மலேசிய விமான நிறுவனத்தின் பணிப்பெண். கருவுற்றால் பதவி விலக வேண்டும் என்று கூட்டு ஒப்பந்தத்தில் இருந்தது. 1991இல் கருவுற்ற அவர் விலக மறுத்தார், நீக்கப்பட்டார். வழக்கு 2005இல் கூட்டரசு நீதிமன்றத்தில் முடிந்தது. அரசியலமைப்பு குடிமகனை அரசின் செயலிலிருந்து காக்குமே தவிர, ஒரு தனியார் இன்னொரு தனியாருக்குச் செய்வதிலிருந்து காக்காது என்று நீதிமன்றம் கூறி விட்டது. 2014இல் ஏர் ஏசியா வழக்கிலும் பயிற்சிக் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது என்ற ஒப்பந்த நிபந்தனை மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நின்றது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கைக்கு உள்நாட்டுச் சட்டத்தின் வலு இல்லை என்று அத்தீர்ப்பு கூறியது.

எதிர்முனையில் நிற்பது நூர்பாடிலா வழக்கு. 2009இல் தற்காலிக ஆசிரியர் வேலைக்கு எடுக்கப்பட்ட அவர், தாம் கருவுற்றிருப்பதாகச் சொன்னதும் நியமனம் மீட்டுக் கொள்ளப்பட்டது. 2011இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் அது 8ஆவது விதியை மீறிய செயல் என்று தீர்ப்பளித்தது. அவர் வென்றதற்கு ஒரு முக்கியக் காரணம், எதிர்த்தரப்பு அரசாங்கம் என்பது. அவருக்கு முதலில் அளிக்கப்பட்ட 300,000 ரிங்கிட் இழப்பீடு பின்னர் 2016இல் 30,000 ரிங்கிட்டாகக் குறைக்கப்பட்டது.

கருவுற்ற பெண்ணை வேலை நீக்கம் செய்வதை, சில காரணங்கள் நீங்கலாக, 2023இல் நடப்புக்கு வந்த 41ஏ பிரிவு தடுக்கிறது. பியட்ரிஸ் காலத்தில் இது இருந்திருந்தால் அவர் கதை வேறாக இருந்திருக்கும். ஒருவர் தோற்ற வழக்கு கூட அடுத்தவருக்குச் சட்டம் கேட்கும் வாதமாகலாம் என்பதை இதில் காண்கிறோம்.

அதே திருத்தத்தில் வந்த 69எஃப் பிரிவு, வேலையில் பாகுபாடு பற்றிய தகராறுகளை விசாரித்து உத்தரவிடத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநருக்கு அதிகாரம் தருகிறது. உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அதன் வாசகத்தைக் கவனியுங்கள்: தொழிலாளிக்கும் அவருடைய முதலாளிக்கும் இடையிலான தகராறு. வேலைக்கு விண்ணப்பித்து, பெயரைப் பார்த்தே ஒதுக்கப்பட்டவர் இன்னும் தொழிலாளி ஆகவில்லை. அவருக்கு முதலாளியும் இல்லை. பாகுபாடு என்றால் என்ன என்பதற்கும் சட்டம் வரையறை தரவில்லை. நம் பட்டதாரிகள் மிகுதியாக முறையிடும் அந்த ஒரு வாசலில் சட்டம் வந்து நிற்கவே இல்லை.

அந்த வாசலில் பாகுபாடு நடப்பது கற்பனை அன்று. லீ ஹ்வோக் ஆனும் முகமட் அப்துல் காலிட்டும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், தகுதி ஒத்த கற்பனை விண்ணப்பங்களை நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். சீனப் பெயர் கொண்டவற்றுக்கு, மலாய்ப் பெயர் கொண்டவற்றைவிடக் கூடுதலாக அழைப்பு வந்தது. அந்த ஆய்வில் இந்தியப் பெயர்கள் சேர்க்கப்படவில்லை என்பது நாம் யோசிக்க வேண்டிய செய்தி. நம் நிலையை அளந்து பார்க்கும் வேலை நமக்காகவே காத்திருக்கிறது.

“மண்டரின் தெரிந்தவர் மட்டும்” என்ற விளம்பரத்தை எடுத்துக் கொள்வோம். சீன வாடிக்கையாளரோடு நாள்தோறும் பேச வேண்டிய வேலைக்கு அம்மொழியைக் கேட்பது நியாயமே. கிடங்கில் கணக்குப் பார்ப்பவருக்கும் அதே நிபந்தனை எதற்கு? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971இல் கிரிக்ஸ் வழக்கில் இதே வகைக் கேள்வியைச் சந்தித்தது. ஒரு மின்சார நிறுவனம், வேலைக்குத் தொடர்பில்லாத கல்விச் சான்றிதழையும் தேர்வையும் நிபந்தனையாக்கியது. அதனால் கறுப்பினத்தவர் பெருமளவில் வடிகட்டப்பட்டனர். உள்நோக்கம் இல்லாவிட்டாலும், வேலைக்குத் தேவை என்று காட்ட முடியாத நிபந்தனை ஓர் இனத்தை ஒதுக்குமானால் அது பாகுபாடே என்று அந்நீதிமன்றம் கூறியது. நம் பக்கத்து நாடான சிங்கப்பூர் 2025 சனவரியில் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டத்தில் வேலைக்கு ஆள் எடுக்கும் கட்டமும் அடங்கியுள்ளது; இனமும் மொழித் திறனும் பாதுகாக்கப்பட்ட தன்மைகளாக உள்ளன; புகார் செய்தவரைப் பழிவாங்குவதற்கும் தடை உண்டு. வேலைக்கு உண்மையில் தேவையான மொழியைக் கேட்க அங்கும் இடமுண்டு. அப்படியிருக்க, இங்கு மட்டும் ஏன் முடியாது?

நம் வீட்டுக் கண்ணாடி

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியது பாதி நியாயம்தான். நம்மவர் நடத்தும் உணவகங்களிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் கடைகளிலும் தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை செய்வோர் எத்தனை பேர்! அவர்களில் சிலருடைய சம்பளம் மாதக் கணக்கில் நிற்கிறது. கடப்பிதழ் முதலாளியின் அலமாரியில் இருக்கிறது. பிறருடைய கடப்பிதழைச் சட்ட அனுமதியின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். சம்பளம் பற்றிய சட்டமும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் பொருந்தும். நேர்முகத் தேர்வில் நமக்கு நியாயம் வேண்டும் என்று கேட்கும் வாய், நாம் தேநீர் குடிக்கும் கடையில் தட்டுக் கழுவும் தம்பிக்கும் அதைக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நாம் கேட்பது நியாயம் ஆகாது. பங்கு மட்டுமே ஆகும்.

என்ன செய்யலாம்?

“வழக்குப் போட்டால் பேர் கெட்டு விடும், வேறு எங்கும் வேலை கிடைக்காது” என்ற அச்சம் பொய்யன்று. ஒரு விமானப் பணிப்பெண் 14 ஆண்டுகள் காத்திருந்து தோற்றதை மேலே கண்டோம். எல்லாக் குறையையும் நீதிமன்றத்துக்குக் கொண்டு போங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கொண்டு போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் நிலையிலாவது நாம் இருக்க வேண்டும். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, இ.பி.எஃப். கணக்கு, மேலதிகாரியின் மின்னஞ்சல், நடந்த தேதி ஆகியவை கையில் இல்லாதவருக்கு அந்தத் தேர்வே கிடையாது.

நம் தமிழ்ச் சங்கத்தின் முன் இரண்டு யோசனைகளை வைக்கிறேன். பட்டிமன்றத்துக்கும் கலைவிழாவுக்கும் ஒதுக்கும் நாட்களோடு, ஆண்டுக்கு ஒரு நாளை இதற்கு ஒதுக்குவோம். சட்டத் துறை மாணவர்களும் வழக்கறிஞர்களான முன்னாள் மாணவர்களும் இறுதியாண்டு மாணவர்களோடு அமர்ந்து நியமனக் கடிதத்தைப் படிக்கச் சொல்லித் தரட்டும். அடுத்து, ஏழாவது நாள், 60 நாள், 101சி, 41ஏ, 69எஃப் ஆகியவற்றை எளிய தமிழில் நான்கு பக்கத் துண்டறிக்கையாக்குவோம். சட்டம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. தொழிற்சாலையிலும் துப்புரவு வேலையிலும் இருக்கும் நம் தாய்மார் பலர் படிப்பது தமிழ். தமிழ்ப்பள்ளியில் படித்துப் பின் தேசியப் பள்ளி வழியாக இங்கு வந்தவர்கள் நம்மில் பலர். இரு மொழிகளுக்கும் இடையே பாலம் போட நம்மைவிடத் தகுதியானவர் யார்? மொழிக்கு விழா எடுப்பது போலவே, மொழியைக் கொண்டு ஒரு தாயின் சம்பளத்தை மீட்டுத் தருவதும் தமிழ்ப்பணிதான்.

இவற்றுக்கு அப்பால், வேலை தேடுவோரையும் 69எஃப் பிரிவுக்குள் கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கையை மனிதவள அமைச்சிடம் எழுத்து மூலமாக வைப்போம். மலாய், சீன மாணவர் சங்கங்களையும் உடன் அழைப்போம். பெயரால் ஒதுக்கப்படுவது நம் இனம் மட்டுமல்ல என்பதை மேற்கண்ட ஆய்வே காட்டி விட்டது. 1941இல் கிள்ளானில் கேட்டவர்கள் கையில் இந்தச் சட்டப் பிரிவுகள் இல்லாமல் கேட்டார்கள். நம் கையில் சில பிரிவுகள் இருக்கின்றன. இல்லாத ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.